எட்டு வருச மௌனம்

ஆர்வோ பேர்ட் என்ற எஸ்தோனிய இசையமைப்பாளரை விளங்கிக்கொள்ள, அவர் பெரிதாக ஒன்றும் எழுதாமல் இருந்த எட்டு வருசங்களைத்தான் நாங்கள் முதலில் பார்க்கவேணும்.

பேர்ட் 1935இல் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே எஸ்தோனியாவை சோவியத் ஒன்றியம் விழுங்கிவிட்டது. வானொலியில் ஒலிப்பதிவு வேலை செய்துகொண்டே இசை படித்தார். 1960இல் பன்னிரண்டு சுர முறையில் 'நெக்ரோலோக்' எழுதினார். மேற்கைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டார் என்று கண்டனம் வந்தது.

1968இல் 'கிரேடோ' தாலின் நகரில் அரங்கேறியது. பாக்கின் அமைதியான இசைத்துண்டு ஒன்றை எடுத்து, இரைச்சலுக்குள் நொருக்கி, கடைசியில் மீட்டெடுக்கும் படைப்பு அது. அந்த இரைச்சலைவிட அதன் சொற்கள்தான் அதிகாரிகளைச் சுட்டன. நாத்திக அரசின் மேடையில், கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று பாடகர் குழு லத்தீனில் பாடியது. அதோடு கதவுகள் மூடின.

அரசு வாயை அடைத்தது, சரி. ஆனால் அவருக்குமே தன் பழைய வழி முட்டுச்சந்தாகத் தெரிந்தது. சாப்பாட்டுக்குத் திரைப்பட இசை. மிச்ச நேரமெல்லாம் பழைய தேவாலய இசையைப் படித்து, ஒற்றை மெட்டுகளாக எழுதி எழுதிக் கொப்பிகளை நிரப்பினார். 1971இல் மூன்றாவது சிம்பொனி வந்தது. அதன் பிறகும் தேடல் ஓயவில்லை.

1976இல் 'அலினாவுக்காக' வந்தது. இரண்டே பக்கப் பியானோ இசை. லண்டனுக்குப் போய்விட்ட ஒரு பெண்பிள்ளைக்காக எழுதியது. ஒரு குரல் அடுத்தடுத்த சுரங்களில் ஏறி இறங்கி அலைகிறது. மற்றக் குரல் மூன்றே சுரங்களுக்குள் நின்று அதற்குத் துணைபோகிறது. இந்த முறைக்கு, மணியோசையை நினைத்து 'தின்தினாபுலி' என்று பெயர் வைத்தார். அடுத்த வருசமே 'ஃப்ராத்ரேஸ்', 'தபுலா ராசா' எல்லாம் வரிசையாக வந்தன.

1980இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி, வியன்னா வழியாக பேர்ளின் போய்ச் சேர்ந்தார். 1984இல் வெளிவந்த 'தபுலா ராசா' இசைத்தட்டுத்தான் உலகுக்கு அவரைக் காட்டியது. பல வருசம் கழித்து ஊர் திரும்பினார். 2018இல் லவுலஸ்மாவில் அவர் பெயரில் ஒரு நிலையமும் திறக்கப்பட்டது.

தடைதான் அவரைப் பெரிய கலைஞராக்கியது என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. அப்படிச் சொன்னால், அந்தப் புகழில் ஒரு பங்கைத் தணிக்கையாளருக்கும் கொடுக்கவேண்டி வரும். கதவை மூடியது அவர்கள். உள்ளே இருந்து கொப்பி கொப்பியாக எழுதியது அவர். 'அலினாவுக்காக' இசையை இரவில், ஒருக்கா மெல்லமாகக் கேட்டுப் பாருங்கோ. ஒரு சுரம் முழுதாக அடங்கும்வரை அடுத்த சுரம் அவசரப்படாது.