எஞ்சிய வாயில்

சென்ற விடுமுறையில் மாணவர்களை நல்லூருக்கு அழைத்துச் சென்றேன். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கிய ஊர் அது. சங்கிலியன் தோப்பிலே மன்னன் பெயரைச் சுமந்தபடி தோரணவாயில் மட்டும் நிற்கின்றது.

"அரண்மனை எங்கே சேர்?" என்றான் ஒருவன். 'ப' வடிவிலமைந்த யமுனா ஏரியைக் காட்டினேன். அரசர் காலத்துக் கேணி என்பது மரபு. அவன் முகம் தெளியவில்லை.

நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலையில், கந்தரோடை மண்ணிலிருந்து மீட்ட பொருள்களின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "எங்கட அம்மம்மா வீட்டிலையும் பழைய ஏட்டுச்சுவடி ஒண்டு இருக்கு சேர். செல் அரிக்குது."

திடுக்கிட்டேன். அரண்மனை அழிந்தபோது நாம் இல்லை. ஏடு அரிபடும்போது இருக்கின்றோம். மறுநாட் காலையே அந்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.