இரும்பணுவும் விண்மீன்களின் துடிப்பும்

விண்மீனொன்றின் உள்ளகத்தில் தோன்றும் சத்தி மேற்பரப்பை அடைவதற்கு, இலத்திரன்களை இழந்த அணுக்கள் நிறைந்த வெப்பமிகு பிளாஸ்மாவைக் கடந்தாகவேண்டும். எவ்வணு எவ்வலைநீளக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதே ஒளிபுகாமை பற்றிய வினா. விண்மீனின் உட்புறம் நேரிற் காணவியலாதது. ஆதலின் இவ்வினாவுக்கு நெடுங்காலம் கணிப்பே விடை தந்தது.

அக்கணிப்புக்கு 1928இல் அடித்தளமிட்டவர் டக்ளஸ் ஹாட்றி. ஒவ்வோர் இலத்திரனும் ஏனையவற்றின் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொண்டு, பெற்ற விடையால் அப்புலத்தைத் திருத்தி, இரண்டும் ஒத்துவரும்வரை மீளமீளக் கணிப்பது அவரது முறை. இலத்திரன்கள் ஒன்றிலிருந்தொன்று வேறுபடுத்தவியலாதவை என்னும் உண்மையை 1930இல் விளடிமிர் பொக் அதனுட் சேர்த்தார்.

ஆயினும், இரும்பு போன்ற பல இலத்திரன் அணுக்களின் நிறமாலைக் கோடுகள் எண்ணிறந்தவை. பழைய அட்டவணைகள் அவற்றைச் சுருக்கியே கொண்டன. அதன் விளைவு செபீட் விண்மீன்களிற் புலப்பட்டது. இரு துடிப்புக்காலங்களின் விகிதம் காட்டிய திணிவு, விண்மீன் கூர்ப்புக் கோட்பாடு தந்த திணிவிலும் மிகக் குறைவாயிருந்தது. பாரமான மூலகங்களின் ஒளிபுகாமை இரண்டு, மூன்று மடங்கு கூடியதாயின் இம்முரண்பாடு நீங்கும் என 1982இல் நோர்மன் சைமன் எடுத்துரைத்து, மறுகணிப்பை வேண்டினார்.

மைக்கல் சீற்றன் தலைமையில் 1984இல் பன்னாட்டு ஒளிபுகாமைத் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் ரொஜர்சும் இக்லேசியாசும் வேறொரு முறையாற் கணித்தனர். ஏறத்தாழ 2 இலட்சம் கெல்வினில், இரும்பின் மூன்றாம் ஓட்டு இலத்திரன்கள் அதே ஓட்டினுள்ளே நிலைமாறுவதால் எழும் கோடுகள் ஒளிபுகாமையை ஏறக்குறைய மும்மடங்காக்குவது தெரியவந்தது. செபீட் முரண்பாடு பெரும்பாலும் நீங்கியது. பீற்றா செபி வகை விண்மீன்கள் துடிப்பதன் காரணமும் விளங்கிற்று.

இவ்வெற்றியை இறுதித் தீர்ப்பெனக் கொள்ளுதல் பொருந்தாது. 2015இல் அமெரிக்காவின் சண்டியா ஆய்வுகூடத்தார், சூரியனின் உட்புறத்தை ஒத்த ஏறத்தாழ 20 இலட்சம் கெல்வினில் இரும்பை ஆய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அளந்த ஒளிபுகாமை, அலைநீளத்துக்கேற்ப, கணித்ததிலும் 30 முதல் 400 சதவீதம்வரை கூடியிருந்தது. கணிப்புகள் தம்முள் ஒத்திருத்தல் வேறு, இயற்கையோடு ஒத்திருத்தல் வேறு. முன்னர் விண்மீனின் துடிப்பும் பின்னர் ஆய்வுகூட அளவீடும் உணர்த்திய பாடம் இதுவேயாம்.