செய்தி நிருபரின் தொழில்தகுதி: வில்லியம் ஹோவர்டு ரசலின் பணிவழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் நிருபராக விளங்கிய வில்லியம் ஹோவர்டு ரசல், அயர்லாந்து, கிரிமியா, இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து செய்தி எழுதியவர். அவருடைய பணிவாழ்வைச் சான்றாகக் கொண்டு, அனுபவம் முதிர்ந்த நிருபர் ஒருவருக்குரிய தொழில்தகுதிகள் எவை என்பதையும், அத்தகுதிகளுக்கு எல்லை உண்டா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இதழியல் வரலாறு, போர்ச் செய்தி, கிரிமியப் போர், தணிக்கை, நிருபர்.

முன்னுரை

ஒற்றனுக்குரிய இலக்கணத்தைத் திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் வகுத்துரைக்கிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டறிந்த பின்னரே ஏற்கவேண்டும் என்பது அவ்வதிகாரம் கூறும் நெறிகளுள் ஒன்று. செய்தித்தாள் நிருபருக்கும் இந்நெறி பொருந்தும். ஆயினும் இருவருக்குமிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஒற்றன் தான் அறிந்ததை அரசனுக்கு மட்டுமே உரைக்கிறான். நிருபரோ ஊரறிய உரைக்கிறார். ஊரறிய உரைப்பது பகைவன் செவியையும் எட்டும். ரசலின் வாழ்வில் இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்பட்டது.

நாவடக்கம் கற்ற தொடக்கக் காலம்

அயர்லாந்தில் பிறந்த ரசல், 1840களில் ‘தி டைம்ஸ்’ இதழுக்காக டேனியல் ஓ’கானெலின் அரசியல் கூட்டங்களைப் பற்றி எழுதித் தொழில் பயின்றார். 1844இல் ஓ’கானெல் வழக்கின் தீர்ப்புச் செய்தியுடன் டப்ளினிலிருந்து இலண்டனுக்கு விரைந்து வந்தார். இதழின் அலுவலக வாயிலில் ஒருவர் இயல்பாகப் பேச்சுக் கொடுக்க, அவரைத் தம் அலுவலகத்தார் என்றே எண்ணித் தீர்ப்பின் சாரத்தைச் சொல்லிவிட்டார். அவரோ போட்டி இதழைச் சேர்ந்தவர். மறுநாள் அவ்விதழிலும் தீர்ப்புச் செய்தி இடம்பெற்றது. அரும்பாடுபட்டுக் கொணர்ந்த செய்தியும் நாவடக்கம் இன்மையால் பயனிழக்கும் என்பதே இளம் ரசல் கற்ற முதற்பாடம்.

களத்தில் இருத்தலும் கேட்டறிதலும்

1854 பிப்ரவரியில், ஆசிரியர் ஜான் டிலேனின் பணிப்பின்படி, பிரித்தானியப் படையுடன் ரசல் மால்டாவுக்குப் புறப்பட்டார். அதற்கு முன்னர், படைத்தலைவர்களின் அலுவல் அறிக்கைகளையும் அதிகாரிகள் எழுதிய கடிதங்களையும் வெளிநாட்டு இதழ்களையுமே போர்ச் செய்திக்குச் சார்ந்திருப்பது ஆங்கில இதழ்களின் பெருவழக்கமாக இருந்தது. படையோடு நெடுங்காலம் தங்கிக் கண்டதை எழுதும் தொழில்முறை நிருபர் அன்று புதுமையானவர். தலைமைத் தளபதி ரக்லன் பிரபு அவருக்கு ஏற்பு அளிக்கவில்லை. உணவு, உறைவிடம், ஊர்தி அனைத்தையும் அவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

1854 செப்டம்பர் 20ஆம் நாள் நிகழ்ந்த ஆல்மாப் போரில், பரந்த களத்தின் முழு நிகழ்வையும் ஒருவர் கண்கொண்டு காண்பது இயலாது என்பதை ரசல் உணர்ந்தார். போர் முடிந்தபின் வீரர்களையும் அதிகாரிகளையும் தேடிச் சென்று வினவினார். ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றுடன் பொருந்தாத நிலையில், அவற்றை ஒப்பிட்டே தம் செய்தியை உருவாக்கினார்.

அக்டோபர் 25இல் பாலக்லாவாவில் இலகு குதிரைப்படை நேராக உருசியப் பீரங்கிகளின் மீது பாய்ந்து அழிந்ததைக் குன்றின் மேலிருந்து கண்டு அவர் எழுதிய செய்தி, நவம்பர் 14ஆம் நாள் வெளிவந்தது. களத்திலிருந்து அச்சேற ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அச்செய்தி, பாய்ந்து சென்றோர் தொகையை 607 எனக் குறித்தது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதனை ஏறத்தாழ 670 எனக் கணிக்கின்றனர். முதற்செய்தி என்பது உடனடிச் சான்றேயன்றி முடிந்த முடிபு அன்று என்பதற்கு இவ்வேறுபாடு தக்க எடுத்துக்காட்டு.

வெளிப்படுத்தலின் பயனும் விலையும்

போர்க்களத்தில் மாண்டோரைவிட நோயால் மாண்ட பிரித்தானிய வீரர் தொகை பன்மடங்கு மிகுதி. வாந்திபேதி, குளிருடை இன்மை, உணவு வழங்கலில் நேர்ந்த சீர்கேடு ஆகியவற்றை ரசல் இடைவிடாது எழுதினார். ஸ்குட்டாரி மருத்துவமனையின் அவலத்தை 1854 அக்டோபரில் முதலில் வெளிப்படுத்தியவர் அவரே எனச் சிலர் கூறுவது பொருந்தாது. அச்செய்திகளைக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அதே இதழுக்கு எழுதியவர் தாமஸ் செனரி. அச்செய்திகள் எழுப்பிய கிளர்ச்சியின் தொடர்ச்சியாகவே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியருடன் அனுப்பப்பட்டார். 1855 ஜனவரி இறுதியில், படையின் நிலையை விசாரிக்கக் கோரி ரோபக் கொணர்ந்த தீர்மானம் 305க்கு 148 என்ற வாக்குகளில் நிறைவேற, அபர்டீன் அமைச்சரவை பதவி விலகியது. நிருபர் எழுதியதை அஞ்சாது அச்சிட்ட டிலேனின் துணை இல்லையேல் இவ்விளைவு நேர்ந்திராது. நிருபரின் துணிவு பயன்தர ஆசிரியரின் துணிவும் வேண்டும்.

மறுபுறம், ரக்லன் எழுப்பிய குற்றச்சாட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. படைகளின் இருப்பிடம், பீரங்கிகளின் நிலை போன்ற விவரங்கள் இதழில் வெளியாவதால், பகைவர் ஒற்றரை ஏவாமலே செய்தி பெறுகின்றனர் என்று அவர் அரசுக்கு முறையிட்டார். இதன் விளைவாக, 1856 பிப்ரவரி 25இல் தளபதி காட்ரிங்டன், பகைவருக்குப் பயன்படும் விவரங்களை வெளியிடுவதைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தார். போர் முடியும் தறுவாயில் வந்தமையால் அதன் உடனடிப் பயன் சிறிதே. ஆயினும் பிற்காலப் போர்த் தணிக்கைக்கு அது முன்னோடியாயிற்று. வீரர் பசியோடு கிடப்பதை மக்கள் அறியவேண்டும். பீரங்கி நிற்கும் இடத்தைப் பகைவன் அறியலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பை ரசல் எப்போதும் செவ்வனே நிறைவேற்றினார் எனல் இயலாது.

இந்தியாவும் அமெரிக்காவும்

1858 ஜனவரியில் கல்கத்தாவை அடைந்த ரசல், காலின் காம்பெலின் படையுடன் சென்று லக்னோ வீழ்ச்சியைக் கண்டார். கிளர்ச்சியாளர் ஐரோப்பியப் பெண்டிரை உறுப்பறுத்தனர் என இங்கிலாந்தில் பரவியிருந்த கதைகளுக்கு நேரடிச் சான்று தேடினார். பலவற்றிற்குச் சான்று கிடைக்கவில்லை. விசாரணையற்ற தூக்குத் தண்டனைகளையும், இந்தியரை இழித்துரைக்கும் ஆங்கிலேயரின் போக்கையும் கண்டித்தார். 1860இல் வெளிவந்த அவருடைய இந்திய நாட்குறிப்பு இவற்றைப் பதிவு செய்துள்ளது. ஆயினும் ஆங்கில ஆட்சி நிலைக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. நேர்மையான நோக்கும் காலத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

1861 ஜூலை 21இல் அமெரிக்காவின் புல் ரன் களத்திற்குக் காலந்தாழ்ந்தே சென்றடைந்தார். போரைத் தாம் காணவில்லை, வடபடையின் சிதறிய ஓட்டத்தையே கண்டதாக வெளிப்படையாக எழுதினார். இருப்பினும் வடமாநிலத்தார் அவரை ‘புல் ரன் ரசல்’ என எள்ளினர். 1862இல் படையுடன் செல்ல அவருக்கு இசைவு மறுக்கப்பட, அவர் தாயகம் திரும்பினார். உள்ளதை உரைத்தமைக்கு அவர் அங்குப் பெற்ற பயன் அதுவே.

முடிவுரை

களத்தில் இருத்தல், பலர் கூற்றை ஒப்பிடுதல், கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்திக் கூறுதல், அதிகாரத்திற்குப் பணியாமை, தன் நாட்டார் தவற்றையும் மறைக்காமை, நாவடக்கம் ஆகியன ரசலின் பணிவழி அறியப்படும் தகுதிகள். இவற்றுள் வேகம் இடம்பெறவில்லை. 1870ஆம் ஆண்டுப் பிரெஞ்சு – பிரஷ்யப் போரில் தந்தியை விரைந்து பயன்படுத்திய இளைய நிருபர்கள் அவரை முந்தினர். 1895இல் ‘சர்’ பட்டம் பெற்று, 1907இல் மறைந்த அவரை இன்றும் வரலாறு நினைப்பது முந்திச் சொன்னமைக்காக அன்று. எதைச் சொல்வது, எதை அடக்குவது என்னும் வினாவை அவர் தீர்த்துவைக்கவில்லை. தமக்குப் பின்வந்த நிருபர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளவேண்டிய வினாவாக அதனை விட்டுச் சென்றார்.