சிலுவையடியில் நின்ற பெண்கள்

குடிகாரக் கணவனோடு இருபது ஆண்டு வாழ்ந்து முடித்தவளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், சிலுவை சுமக்கிறாள்" என்கிறோம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் அப்படித்தான் சொல்கிறோம். தமிழ் இலக்கணம் நடத்துகிறவளாக அந்த வாக்கியத்தை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அவள் என்ற எழுவாய் இருக்கிறது. சிலுவை என்ற செயப்படுபொருள் இருக்கிறது. அதை அவள் தோளில் ஏற்றியவன் மட்டும் வாக்கியத்தில் இல்லை. சுமந்தாள் என்பது தன்வினை. சுமத்தினான் என்பது பிறவினை. பெண்ணின் துன்பத்தைப் பேசும்போது நம் பேச்சில் பிறவினை எப்படியோ தொலைந்துபோகிறது. சிலுவையின் வரலாற்றில் அது எங்கே தொலைந்தது, யார் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே இங்கே என் கேள்வி.

சிலுவை முதலில் ஒரு கொலைக்கருவி. ரோமப் பேரரசு அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்தது. கி.மு. 71இல் ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் தோற்றபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரம் நெடுக அறைந்து தொங்கவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் கண்ணில் பட வேண்டும், அடுத்து யாரும் தலைதூக்கக் கூடாது என்பதே நோக்கம். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநர் இயேசுவுக்கும் இதே தண்டனையைக் கொடுத்தார். தலைக்கு மேல் மாட்டிய பலகையில் இருந்தது அரசியல் குற்றச்சாட்டு: யூதர்களின் அரசன். ஆக, தொடக்கத்தில் சிலுவை முழுக்க முழுக்கப் பிறவினை. செய்தவர் யார், யார் மேல் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதெல்லாம் ஊரறிய நடந்தது.

நான் வசிக்கும் வண்டலூரில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம், பல்லாவரம் தாண்டினால் பரங்கிமலை. மலைமேல் உள்ள மாதா கோயிலின் பீடத்தில் ஒரு கற்சிலுவை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்து. கைகளின் முனைகள் மொட்டுப்போல விரிந்திருக்கின்றன; மேலே ஒரு புறா இறங்குகிறது. அதில் இயேசுவின் உடல் இல்லை. முள்முடி இல்லை, ஆணி இல்லை, காயம் இல்லை. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் இருந்த கிறிஸ்தவர்கள் பூக்கும் மரமாகவே சிலுவையைச் செதுக்கினார்கள். அவர்களுக்கு அது சாவு தோற்றுப்போன இடம்.

வதைபட்ட உடலைச் சிலுவையில் காட்டும் வழக்கம் கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் மிக அரிது. ஐரோப்பாவில் இரத்தம் வழியும் இயேசு பரவலாவது இடைக்காலத்தில்தான். மனிதர் பாவத்தால் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த இழுக்கைக் கடவுள்-மனிதரின் சாவு ஈடுசெய்தது என்ற விளக்கத்தை ஆன்செல்ம் எழுதி முடித்தது 1098இல். மாணவிகள் கவனிக்க வேண்டியது இதுதான்: சிலுவைக்கு ஒரே அர்த்தம் என்றும் இருந்ததில்லை. துன்பமே புனிதம், பொறுமையே மீட்பு என்ற பாடம் ஆதியிலிருந்து வந்ததல்ல. அதற்கும் ஒரு தேதி உண்டு, அதை எழுதிய கைகள் உண்டு.

சிலுவையடியில் நின்றவர்கள் யார்? பிடிபட்ட இரவிலேயே சீடர்கள் ஓடிவிட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கடைசி வரை நின்று பார்த்தவர்களாக அவர் பெயர் சொல்வது பெண்களை: மகதலேனா மரியாள், யாக்கோபு, யோசே ஆகியோரின் தாய் மரியாள், சலோமி. யோவான் இயேசுவின் தாயையே சிலுவையருகே நிறுத்துகிறார். உடலை எங்கே வைத்தார்கள் என்று பார்த்து வைத்தவர்களும் பெண்கள். மூன்றாம் நாள் கல்லறை வெறுமையாக இருப்பதைக் கண்டு ஓடிவந்து சொன்னவர்களும் அவர்களே. அந்தப் பேச்சை ஆண்கள் பிதற்றல் என்று தள்ளினார்கள் என்பதை லூக்கா மறைக்கவில்லை. அந்தச் சாட்சியம் இல்லையென்றால் இந்த நம்பிக்கையே இல்லை.

கொல்லப்பட்டவனின் முன் நிற்கும் பெண்ணைத் தமிழ் நன்றாக அறியும். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாடலில் (278) மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்ட முதியவள் வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டி, வெட்டுண்டு கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அரசுக்காகச் செத்த மகனைக் கண்டு தாய் மகிழ வேண்டும் என்று கேட்கிற கவிதை அது. சிலப்பதிகாரத்தில் வேறொருத்தி வருகிறாள். கணவனை அரசு தவறாகக் கொன்றது. அவள் அழுகிறாள், இந்த ஊரில் சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று தெருவில் கேட்கிறாள், பிறகு அரசவையில் சிலம்பை உடைத்து, யான் கள்வன் என்று அரசனையே சொல்ல வைக்கிறாள். கண்ணகியிடம் அழுகையும் வழக்கும் ஒன்று. தொலைந்த பிறவினையை அவள் அரசனின் வாயிலிருந்தே வாங்கிவிட்டாள்.

18ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி'யில் சிலுவையில் தொங்கும் மகனைப் பார்த்துப் புலம்பும் மரியாளைப் பாடினார். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும் வடிவத்தைத் தாயின் அழுகைக்குத் தேர்ந்தெடுத்தார். இந்த அழுகை முடியாது என்பதை யாப்பே சொல்கிறது. அதே நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் இருந்துவருகிறது. எழுதிய இருவரும் ஆண்கள், துறவிகள், தமிழைப் படித்துக் கற்றவர்கள். மகனைப் பறிகொடுத்தவளின் குரலை அவர்கள் எங்கே கேட்டிருப்பார்கள்? நம் இழவு வீடுகளில் என்றே நான் வாசிக்கிறேன்.

ஒப்பாரியை வெறும் துக்கம் என்று நினைப்பவர்கள் அதைக் கூர்ந்து கேட்காதவர்கள். மற்ற நாளில் வாய்திறக்க முடியாதவள் பிணத்தின் முன் திறக்கிறாள். பங்கு கொடுக்காத அண்ணன், கைவிட்ட புகுந்த வீடு, கண்மூடிய கடவுள் என்று எல்லாரும் அங்கே பெயரோடு வருவார்கள். ஊர் அதைத் தடுப்பதில்லை. சிலுவையடியில் தமிழ் மரியாள் அழும்போது அவளோடு சேர்ந்து அழுத பெண்கள் பொறுமையைக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. குற்றமற்ற பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று ஆண்டுதோறும் ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எப்படி அதே சிலுவை வாயை அடைக்கும் துணியானது? பிரசங்கங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நான் ஒரு சட்டத்தைக் காட்டுகிறேன். 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. மனைவி பிறரோடு உறவு கொண்டாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு மணவிலக்கு கிடைக்கும். மனைவிக்கு அது மட்டும் போதாது. கணவனின் பிற உறவோடு கொடுமையையோ, இரண்டாண்டுக்கு மேல் கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால், எவ்வளவு அடி வாங்கியிருந்தாலும், பிரிந்து வாழ அனுமதி கிடைக்கும்; மணம் அறாது. மாவட்ட நீதிமன்றம் மணவிலக்கு கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். 2001ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் கொடுமை தனிக் காரணமாக ஏற்கப்பட்டு, கணவனும் மனைவியும் சமமானார்கள். 132 ஆண்டுகள்.

இடையில் சிலுவையைப் பற்றிய அறிவார்ந்த பேச்சு நின்றுவிடவில்லை. சென்னை வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வெங்கல் சக்கரை, சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றி 1932இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில், முந்தைய ஆண்டு அங்கே குடிவந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. கர்மம், அவதாரம், மீட்பு எல்லாம் அந்தக் காலத்தில் ஆழமாகவே விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டுகளில், அதே ஊரில், அடிபட்ட ஒரு கிறிஸ்தவ மனைவிக்குச் சட்டம் சொன்ன பதில்: சுமந்துகொள்.

1992இல் 'கருக்கு' வந்தது. தலித் கிறிஸ்தவப் பெண்ணாகவும், துறவுமடத்தில் வாழ்ந்து வெளியேறியவராகவும் பாமா எழுதியது நேரான கேள்வி. கடவுள் அன்பானவர், சாந்தமானவர், கீழ்ப்படிந்தவர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டவர் என்பதை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? சாதியும் சிலுவையாக்கப்பட்டுப் பெண்களின் தோளில்தான் முதலில் ஏறியது. அமெரிக்காவில் 1989இல் ஜோவான் கார்ல்சன் பிரவுனும் ரெபெக்கா பார்க்கரும், மகனின் சாவைத் தந்தை விரும்பினார் என்ற இறையியல் வீட்டு வன்முறைக்குத் துணைபோகிறது என்று எழுதினார்கள். சிலுவையையே கைவிடும் அளவுக்கு அவர்கள் வாதம் போகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த எல்லை வரை போக எனக்குத் தயக்கம்.

தயக்கத்துக்குக் காரணம் தாம்பரம் சானடோரியம். 1928இல் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய அந்த இடம், 1990களுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கான பெரிய புகலிடமானது. வந்தவர்களில் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்களும் உண்டு. ஊர் அவர்களிடம் கேட்டது, நீ என்ன பாவம் செய்தாய் என்று. அவமானச் சாவு செத்த ஒருவரைக் கடவுளாக வணங்கும் நம்பிக்கையால் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. துன்பம் குற்றத்தின் அடையாளம் அல்ல என்று சிலுவை சொல்கிறது. நோய்ப் படுக்கையில், அவருக்கும் இப்படித்தான் செய்தார்கள் என்று ஒருத்தி பற்றிக்கொள்ளும் ஆறுதலைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆறுதலாக அவள் எடுத்துக்கொள்வது வேறு. கட்டளையாக அவள் மேல் வைப்பது வேறு.

அந்த வேறுபாடு நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்ற அழைப்பு, பின்பற்ற விரும்புகிறவருக்கு. தான் விரும்பாமல் சுமந்தவன் ஒருவனும் கதையில் உண்டு: வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊர் சீமோன். அவனைப் படைவீரர்கள் கட்டாயப்படுத்தினார்கள் என்றே எழுதியிருக்கிறது. அது புனிதம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. இயேசுவும் வாய்மூடிப் பொறுத்தவர் அல்ல. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று தோட்டத்தில் மன்றாடினார். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையிலிருந்து கடவுளையே கேட்டார்.

மறுகன்னம் காட்டச் சொன்னவர் என்றே அவரைப் பெண்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். விசாரணையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது அவர் மறுகன்னத்தைக் காட்டவில்லை. நான் சொன்னது தவறென்றால் தவறைக் காட்டு, சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடித்தவன் பதில் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை.