வாரத்தின் முதல் நாள் எது? கிழமைகளுக்குப் பின்னால் இருக்கும் மதமும் அரசும்

கனடாவில் இருக்கும் உறவினர் வீட்டுக் கலண்டரில் முதல் நிரல் ஞாயிற்றுக்கிழமை. பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருப்பவரின் கலண்டரில் முதல் நிரல் திங்கட்கிழமை, ஞாயிறு கடைசியில் நிற்கும். வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்தவரைக் கேட்டால், அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு நாள் என்பார். போர் சிதறடித்த ஒரே குடும்பத்துக்குள் இன்று மூன்று விதமான வாரங்கள் இருக்கின்றன.

இவற்றில் எது சரி? விடை எளிதானதல்ல. சூரியன் உதித்து மறைவதால் நாள் உண்டாகிறது. நிலவு தேய்ந்து வளர்வதால் மாதம் உண்டாகிறது. ஏழு நாள் வாரத்துக்கு வானத்தில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. அது மனிதர் வகுத்துக்கொண்ட எண்ணிக்கை. அதனால் அது எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் மதங்களும் பிறகு அரசுகளும் தீர்மானித்தன.

ஏழாம் நாளும் முதலாம் நாளும்

யூதர்களின் வேதப்படி இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். அந்த ஏழாம் நாள் சனிக்கிழமை, அதுவே ஓய்வு நாள். ஆகவே வாரத்தின் முதல் நாள் ஞாயிறு. எபிரேய மொழியில் ஞாயிறு முதல் வெள்ளி வரை 'முதலாம் நாள்', 'இரண்டாம் நாள்' என எண்களே பெயர்கள். ஏழாவது நாளுக்கு மட்டும் 'சபாத்' என்ற தனிப்பெயர் உண்டு. அவர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால், ஓய்வு நாளும் வெள்ளி மாலையிலேயே தொடங்கிவிடும்.

கிறிஸ்தவர்கள் இந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்று நற்செய்தி நூல்கள் சொல்வதால், வழிபாட்டு நாள் ஞாயிறுக்கு மாறியது. 321ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன் ஞாயிறை அரச ஓய்வு நாளாக்கினார். நீதிமன்றங்களும் நகர மக்களும் ஓய வேண்டும், விவசாயிகள் மட்டும் வேலை செய்யலாம் என்பது அவரது கட்டளை. ஒரு வழிபாட்டு நாள் அரசாணையாக மாறிய இடம் அது.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியில் திங்கட்கிழமைக்கு 'இரண்டாவது' என்றுதான் பெயர். ஞாயிறை முதலாவதாக வைத்து எண்ணிய திருச்சபையின் தடம் அது. ரஷ்ய மொழியிலோ செவ்வாய்தான் 'இரண்டாவது', அங்கே எண்ணிக்கை திங்களில் தொடங்குகிறது. சீன மொழியிலும் திங்கள்தான் ஒன்று.

அரபு மொழியில் ஞாயிறு 'ஒன்று', திங்கள் 'இரண்டு'. இப்படி வியாழன் வரை எண்கள் வரும். வெள்ளிக்கு மட்டும் 'ஒன்றுகூடல்' என்ற பொருளில் ஜும்ஆ என்று பெயர். இஸ்லாத்தில் வெள்ளி கூட்டுத் தொழுகைக்குரிய நாள். யூதர்களின் சபாத் போல முழு ஓய்வு நாளல்ல, தொழுகை முடிந்ததும் தொழிலுக்குத் திரும்பலாம். ஈரானில் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது.

நமது கிழமைகள்

தமிழில் கிழமைகளுக்குக் கோள்களின் பெயர்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் கோள்கள் ஞாயிறில் தொடங்கி இதே கிழமை வரிசையில்தான் வருகின்றன. நமது மரபிலும் ஞாயிறே முதல்.

இந்த வரிசைக்குக் காரணம் பஞ்சாங்கத்தில் இன்றும் இருக்கும் ஓரைக் கணக்கு. பழைய வானியலார் கோள்களை வேகம் குறைந்ததிலிருந்து கூடியதாகச் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என அடுக்கினார்கள். நாளின் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு கோளுக்கு. முதல் மணித்தியாலம் சனியுடையது என்றால், 24 மணித்தியாலம் கழிந்து அடுத்த நாளின் முதல் மணித்தியாலம் சூரியனுக்கு வரும். அதற்கடுத்த நாள் சந்திரனுக்கு. சனி, ஞாயிறு, திங்கள் என்ற வரிசை இப்படித்தான் பிறந்தது. 'ஓரை' என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்தது.

சிங்களத்திலும் இதே முறைதான். 'இரிதா' சூரியனின் நாள், 'சந்துதா' சந்திரனின் நாள். இரண்டு மொழிகளும் கிழமைகளை ஒரே வரிசையில் எண்ணுகின்றன.

அரசுகள் கைவைத்தபோது

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793இல் ஏழு நாள் வாரத்தை நீக்கிப் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தேவாலயத்தின் பிடியை உடைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஒன்பது நாள் உழைத்து ஒரு நாள் ஓய்வது மக்களுக்கு ஒத்துவரவில்லை. 1806 ஜனவரி முதலாம் திகதி நெப்போலியன் பழைய நாட்காட்டிக்கே திரும்பினார்.

சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் வாரத்தை அமுல்படுத்தியது. தொழிலாளர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆளுக்கொரு நாள் ஓய்வு பெற்றார்கள். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள் என்ற நிலை வந்தது. 1931இல் அது ஆறு நாள் வாரமானது, 1940இல் ஏழு நாள் வாரம் திரும்பியது.

அண்மைக் காலத்தில் மாற்றங்களுக்குக் காரணம் வர்த்தகம். சவூதி அரேபியா 2013இல் வார இறுதியை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரைநாள் வேலையாக்கியது. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1988இல் வெளியிட்ட விதியின்படி வாரம் திங்களில் தொடங்குகிறது. ஆனாலும் அமெரிக்காவும் கனடாவும் ஞாயிறில்தான் கலண்டரைத் தொடங்குகின்றன.

இலங்கையின் போயா வாரம்

இந்தப் பட்டியலில் நமது நாடும் உண்டு. இளையவர்கள் பலருக்கு இது தெரியாது.

1966 ஜனவரியிலிருந்து டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கியது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் ஆகிய நான்கு போயாக்களும் விடுமுறையாகின. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. தமிழரசுக் கட்சியும் அப்போது அந்த அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது.

பௌத்தர்கள் நிலவின் நாட்களில் சீலம் அனுட்டிப்பது மிகப் பழைய வழக்கம். அதை மதிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த நாட்களே எல்லோருக்குமான வார விடுமுறையானபோது, ஞாயிறு வேலைநாளானது. கத்தோலிக்கரும் ஏனைய கிறிஸ்தவரும் தங்கள் வழிபாட்டை வேலைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நிலவு ஏழின் கணக்குக்கு அடங்காததால், ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா சில தடவை எட்டு நாள் தள்ளி வந்தது. விடுமுறை எந்தக் கிழமையில் வரும் என்பதை வாரா வாரம் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிறில் மூடியிருக்கும் உலகத்தோடு வர்த்தகம் செய்வதும் சிக்கலானது.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறு வார இறுதியை மீளக் கொண்டுவந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாகத் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. ஐந்தரை ஆண்டுகள் நீடித்த அந்தப் பரிசோதனை ஒன்றைக் காட்டியது. நாட்காட்டியும் ஓர் அரசியல் ஆவணம்தான். பல மதத்தவர் வாழும் நாட்டில் எந்த நாளில் ஓய்வு என்பதை ஒரு மதத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால், மற்றவர்கள் அதைத் தங்கள் அன்றாட வாழ்வில் உணர்வார்கள்.

நாட்களை எண்ணுபவர்கள்

வாரத்தின் ஒரு சிறப்பு, அது அறுபடாமல் ஓடுவது. போர், இடப்பெயர்வு, ஆட்சி மாற்றம் எதற்கும் திங்களுக்குப் பின் செவ்வாய் வராமல் இருந்ததில்லை. ஆனால் இறுதிக்கட்டப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள், அன்று என்ன கிழமை என்பதே தெரியாமற் போனதைச் சொல்லக் கேட்டிருப்போம். கிழமை தெரிய ஒரு பாடசாலை, ஒரு சந்தை, ஒரு கோயில் மணி வேண்டும். அவை எல்லாம் போனபின் வாரமும் போய்விடுகிறது.

திகதி தெரியாத இழப்பு இன்னும் கடினமானது. சைவக் குடும்பங்களில் ஆண்டுத் திவசம் செய்ய இறந்த நாளின் திதி வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எந்தத் திதி? அப்படியொரு திதியை ஏற்பதே அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகும் என்பதால், பல தாய்மார் அந்தக் கேள்விக்கே இடம் கொடுப்பதில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. அது ஒரு திங்கட்கிழமை. அவர்கள் வாரக் கணக்கு வைக்கவில்லை, நாட்களை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை முடியும் நாளை எந்தக் கலண்டரும் குறிக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு.