கம்பெனி மூழ்கினால் நிறுவனர் எங்கே போவார்?

2013 மே மாதம், சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போகும் 101ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. எச்-1பி விசாவில் சிக்கலா, கனடாவுக்கு வாருங்கள் என்று சிவப்பு மேப்பிள் இலையோடு அது அழைத்தது. வைத்தது கனடிய அரசு. அடுத்த நாட்டின் வாசலிலேயே நின்று ஆள் கூப்பிடும் துணிச்சல் அதற்கு வரக் காரணம், அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கியிருந்த, புதுக் கம்பெனி தொடங்குவோருக்கான ஸ்டார்ட்அப் விசா.

அந்த யோசனை அமெரிக்காவில் அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். 2009இல், புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரகாம், ஆண்டுக்குப் பத்தாயிரம் நிறுவனர்களுக்குத் தனி விசா தரலாம் என்று எழுதினார். 2010இல் ஜான் கெர்ரியும் ரிச்சர்ட் லூகரும் செனட்டில் மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. 2013இல் செனட் நிறைவேற்றிய பெரிய குடியேற்ற மசோதாவிலும் நிறுவனர்களுக்கு இடம் இருந்தது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் 2017 ஜனவரியில், ஒபாமாவின் பதவிக்காலம் முடியும் வாரத்தில், விதி ஒன்று வந்தது. அதுவும் விசா அல்ல, பரோல். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சிறைதான் நினைவுக்கு வரும். இங்கே அது விசா இல்லாமல் தங்க அரசு தரும் தற்காலிக அனுமதி. இரண்டரை ஆண்டு, தகுதி காட்டினால் இன்னும் இரண்டரை. அடுத்து வந்த அரசு அதையும் நிறுத்திவைக்கப் பார்த்தது. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

இரு நாட்டு ஏற்பாடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், முதலீட்டுத் தொகையில் இருக்கும் வித்தியாசம் முக்கியமல்ல. அமெரிக்க விதி தொடக்கத்தில் முதலீட்டாளரிடமிருந்து 2.5 லட்சம் டாலர் கேட்டது. கனடா துணிகர முதலீட்டு நிறுவனத்திடமிருந்து 2 லட்சம் கனடிய டாலர், தனிநபர் முதலீட்டாளர்களின் ஏஞ்சல் குழுவிடமிருந்து என்றால் 75 ஆயிரம் கேட்டது. உண்மையான வேறுபாடு, கம்பெனி மூழ்கும் நாளில்தான் தெரியும். கெர்ரி–லூகர் மசோதாப்படி, இரண்டு ஆண்டில் ஐந்து பேருக்கு வேலையும் பத்து லட்சம் டாலர் புது முதலீடோ வருமானமோ காட்டாவிட்டால் நிறுவனர் கிளம்ப வேண்டும். கனடா கொடுத்ததோ நிரந்தரக் குடியிருப்புரிமை. கம்பெனியை இழுத்து மூடினாலும் ஆள் அங்கேயே இருக்கலாம்.

என் மனம் கனடா பக்கம்தான். புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை தோற்கும். அது அந்தத் தொழிலின் இயல்பு. கம்பெனியின் ஆயுளோடு ஒரு குடும்பத்தின் வீட்டையும் பிள்ளையின் பள்ளியையும் முடிச்சுப் போட்டால், யார் துணிந்து இறங்குவார்? எச்-1பியில் இருக்கும் நம் பொறியாளர்களுக்கு இந்தப் பயம் அத்துப்படி. வேலை போனால் அறுபது நாள் அவகாசம், கிரீன் கார்டு வரிசையோ பத்தாண்டையும் தாண்டி நீளும். ராத்திரி லேப்டாப்பில் உருவாகும் யோசனை, காலையில் மீண்டும் அலுவலகத்துக்குப் போனதும் அமுங்கிவிடும். வார்ட்டனில் படித்த குணால் பஹல் அமெரிக்காவில் விசா கிடைக்காமல் இந்தியா திரும்பினார். 2010இல் ஸ்னாப்டீல் என்ற இணைய வணிக நிறுவனத்தை இங்கே தொடங்கினார்.

ஆனால் கனடா திறந்த கதவிலேயே நெரிசலும் வந்தது. முதலீட்டாளர் மட்டுமல்ல, புதுக் கம்பெனிகளை வளர்த்தெடுக்கும், அரசு அங்கீகரித்த இன்குபேட்டரும் ஆதரவுக் கடிதம் தர முடிந்தது. இன்குபேட்டர் சொந்தப் பணம் ஒரு டாலர்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. நஷ்டப்பட எதுவும் இல்லாதவர் கையில் சல்லடையைக் கொடுத்தால் அது எதைச் சலிக்கும்? விண்ணப்பங்கள் குவிந்தன, காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2024 ஏப்ரலில், கடிதம் தரும் ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுக்குப் பத்துக் கம்பெனிகளுக்கு மேல் பரிந்துரைக்கக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. கனடிய மூலதனம் இறங்கிய கம்பெனிகளின் கோப்புகளை முதலில் பார்ப்போம் என்றும் அறிவித்தது. பணம் போடுகிறவரே ஆளை எடைபோடட்டும் என்ற பழைய அமெரிக்க வாதத்துக்கு, பதினோரு ஆண்டு கழித்து, கனடாவும் வந்து சேர்ந்தது.