மறைப்பு நாடா

மறைப்பு நாடா அல்லது மாஸ்கிங் டேப் என்பது, வண்ணம் பூசும்போது பூசவேண்டாத பகுதிகளைத் தற்காலிகமாக மூடி வைக்கப் பயன்படும் ஒருவகைக் காகித ஒட்டுநாடா ஆகும். விரலால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்வதும், வேலை முடிந்தபின் பசை எச்சம் விடாமலும் அடிப்பரப்பைப் பெயர்க்காமலும் உரிந்து வருவதும் இதன் சிறப்பியல்புகள். வீட்டின் உட்சுவரில் இரு வண்ணங்கள் சந்திக்கும் கோடு, சுவரும் கூரையும் சேரும் மூலை, கதவு நிலை, சன்னல் சட்டம், தரையை ஒட்டிய சுவரடி ஓடு, மின்விசைப் பலகை ஆகியவற்றின் ஓரங்களில் நேரான விளிம்பு பெற இது உதவுகிறது.

நாடாவை ஒட்டுவதால் மட்டும் விளிம்பு கூர்மையாக அமைவதில்லை. சுவரின் தன்மை, நாடாவின் ஓரம் அடைக்கப்பட்ட விதம், நாடா உரிக்கப்படும் நேரம் ஆகிய மூன்றுமே விளிம்பின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

மறைப்பு நாடாவை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் குர்லி ட்ரூ (1899–1980). இவர் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், உப்புத்தாள் தயாரித்துவந்த 3எம் நிறுவனத்தில் 1921 ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தார். உப்புத்தாள் மாதிரிகளைச் சோதிப்பதற்காக மகிழுந்துப் பட்டறைகளுக்குச் சென்றபோது, அங்கிருந்த தொழிலாளர்களின் சிக்கல் ஒன்றைக் கண்டார். அக்காலத்தில் இரு வண்ண மகிழுந்துகளுக்கு வரவேற்பு இருந்தது. ஒரு வண்ணத்தைப் பூசியபின் அதனைச் செய்தித்தாளும் பசையும் கொண்டு மூடி அடுத்த வண்ணத்தைப் பூசினர். மூடியதை அகற்றும்போது புதிய பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1925 இல் சுருக்கத்தாளில் மென்மையான பசை தடவிய நாடாவை ட்ரூ உருவாக்கினார். தொடக்கத்தில் அளிக்கப்பட்ட மாதிரியில் ஓரங்களில் மட்டுமே பசை இருந்ததால் அது கழன்று விழுந்தது என்றும், அந்தச் சிக்கனத்தைக் கேலி செய்து ஒரு தொழிலாளி கூறிய சொல்லிலிருந்தே 'ஸ்காட்ச்' என்னும் வணிகப் பெயர் தோன்றியது என்றும் கூறப்படுகிறது. ஒளிபுகும் செல்லோபேன் நாடாவையும் 1930 இல் ட்ரூவே உருவாக்கினார்.

மகிழுந்துப் பட்டறைக்காகத் தோன்றிய இந்நாடா பின்னர் வீட்டு வண்ண வேலைக்கும் பரவியது. ஜப்பானின் குராஷிகி நகரில் 1923 இல் ஈ ஒட்டுத்தாள் தயாரிப்பாளராகத் தொடங்கிய கமோய் நிறுவனம், பிற்காலத்தில் மெல்லிய வாஷித் தாளாலான மறைப்பு நாடாக்களைத் தயாரித்தது.

அமைப்பு

மறைப்பு நாடா மூன்று முதன்மைப் பகுதிகளைக் கொண்டது.

• தாள்: பொதுவாகச் சுருக்கங்கள் இடப்பட்ட காகிதம். சுருக்கங்கள் இருப்பதால் நாடா ஓரளவு நீண்டு வளைவுகளிலும் படிகிறது. ஈரத்தில் கிழியாதிருக்கக் காகிதம் பிசின் கலவையில் தோய்க்கப்படுகிறது.
• பசை: மலிவான நாடாக்களில் இரப்பர் சார்ந்த பசையும், நீண்ட நேரம் ஒட்டியிருக்க வேண்டியவற்றில் அக்ரிலிக் பசையும் இடம்பெறுகின்றன.
• பின்பூச்சு: சுருளில் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்குடன் இறுக ஒட்டாமல் எளிதில் பிரிவதற்கான மெல்லிய பூச்சு.

வகைகள்

• பொதுப்பயன் நாடா: வெளிர் மஞ்சள் அல்லது பழுப்பு நிறமுடையது. விலை குறைவு. ஒட்டிய நாளிலேயே அகற்றிவிடுவது நல்லது. வெயிலும் வெப்பமும் பட்டால் பசை சுவரில் தங்கிவிடும்.
• வண்ணப்பூச்சாளர் நாடா: பெரும்பாலும் நீல நிறமுடையது. ஒட்டுதிறன் மிதமானது. இவற்றுட் சில 14 நாட்கள் வரை சுவரில் இருந்தாலும் எச்சமின்றி உரியும்.
• மென்பரப்பு நாடா: அண்மையில் பூசிய சுவர், சுவரொட்டுத்தாள் போன்றவற்றிற்கானது. ஒட்டுதிறன் மிகக் குறைவு.
• வாஷி நாடா: மிக மெல்லியது. விளிம்பில் தடிப்பு குறைவாக இருப்பதால் நுண்கோடுகளுக்கு ஏற்றது.
• ஓரம் அடைக்கும் நாடா: இதன் ஓரத்தில் நீரை உறிஞ்சும் பல்படிமம் உள்ளது. நீர் சார்ந்த வண்ணம் பட்டவுடன் அது கூழாகி இடைவெளியை அடைக்கிறது. நீர் இல்லாத எனாமல் வண்ணத்தில் இவ்விளைவு ஏற்படுவதில்லை.

வண்ணம் கசியும் காரணம்

கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் சுவரிலும் மணல் துகள்கள், உருளை விட்டுச்சென்ற புள்ளிகள், பட்டியின் கீறல்கள் ஆகியன உள்ளன. நாடா மேடுகளின் மேல் படிய, பள்ளங்கள் நுண்குழாய்களாக மிஞ்சுகின்றன. வண்ணம் நுண்புழை ஈர்ப்பினால் இவற்றின் வழியே உட்புகுந்து, பல் பல்லான விளிம்பை உண்டாக்குகிறது. அதிக நீர் கலந்த வண்ணமும், தூரிகையில் மிகுதியாக எடுத்த வண்ணமும், நாடாவை நோக்கித் தூரிகையைத் தள்ளுவதும் கசிவைக் கூட்டுகின்றன. நாடாவை எவ்வளவு அழுத்தினாலும் சொரசொரப்பான சுவரில் இக்குழாய்கள் முழுமையாக மூடுவதில்லை. அவற்றை நிரப்பியே அடைக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

1. சுவரைத் தூசியின்றித் துடைத்து உலரவிட வேண்டும். தூசி இருந்தால் நாடா சுவரில் ஒட்டாமல் தூசியிலேயே ஒட்டும்.
2. நீர்மட்டமும் பென்சிலும் கொண்டு கோடு இட வேண்டும். கூரையும் தரையும் எப்போதும் மட்டமாக இருக்கும் என்று கருதலாகாது.
3. நாடாவை இழுத்து நீட்டாமல் சிறிது சிறிதாக ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டிய நாடா பின்னர் சுருங்கிக் கோட்டை விட்டு விலகும்.
4. வண்ணம் படவிருக்கும் ஓரத்தைப் பட்டி போடும் தகட்டினால் மெதுவாகத் தேய்த்து அழுத்த வேண்டும்.
5. நாடாவின் அடியில் உள்ள பழைய வண்ணத்தையே அதன் ஓரத்தில் மெல்லியதாக ஒருமுறை பூசி உலரவிட வேண்டும். கசிவது பழைய வண்ணமே ஆதலால் கண்ணுக்குத் தெரியாது, பள்ளங்களும் அடைபடும். பழைய வண்ணம் கைவசம் இல்லையெனில் நிறமற்ற அக்ரிலிக் பூச்சைப் பயன்படுத்தலாம்.
6. புதிய வண்ணத்தை, நாடாவின் மேலிருந்து சுவரை நோக்கித் தூரிகையை இழுத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவது படியே பெரும்பாலும் விடுபடுகிறது. விளிம்பு கெடுவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

உரித்தல்

வண்ணம் உலரும்போது சுவரின் மேலும் நாடாவின் மேலும் தொடர்ச்சியான ஒரே படலமாக மாறுகிறது. அந்நிலையில் நாடாவை இழுத்தால் படலம் தாறுமாறாகக் கிழியும். எனவே இறுதி அடுக்கு பூசியபின், வண்ணம் ஈரமாகவோ இலேசாகப் பிசுபிசுப்பாகவோ இருக்கும்போதே உரிப்பது நல்லது. நாடாவைப் பின்னோக்கி மடித்து, பூசிய பகுதியிலிருந்து விலகும் திசையில், சுவருக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் மெதுவாக இழுக்க வேண்டும்.

அந்நேரம் தவறிவிட்டால், பாதி உலர்ந்த நிலையில் இழுக்காமல் முழுதும் உலரும்வரை காத்திருந்து, நாடாவின் ஓரத்தில் கூரிய அலகால் மெல்லக் கீறிப் படலத்தைப் பிரித்த பின்னரே உரிக்க வேண்டும்.

பொருந்தாத பரப்புகள்

சுண்ணாம்பு அடித்த சுவரிலும் பழைய டிஸ்டெம்பர் சுவரிலும் மேற்பரப்பு தூளாக உதிரும். அங்கு நாடா ஒட்டாது. ஒட்டினாலும் உரிக்கும்போது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் இவ்வகைப் பழைய சுவர்கள் பல உள்ளன. உதிரும் பூச்சைச் சுரண்டி, முதற்பூச்சு கொடுத்த பின்னரே இத்தகைய சுவர்களில் நாடாவைப் பயன்படுத்த இயலும்.

புதிதாகப் பூசிய எமல்ஷன் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். குறைந்தது ஒருநாள் கழித்தே அதன்மேல் நாடா ஒட்ட வேண்டும். ஐயம் இருப்பின், மறைவான ஓரிடத்தில் சிறு துண்டை ஒட்டி, சிலமணி நேரம் கழித்து உரித்துப் பார்க்கலாம்.

எச்சரிக்கை

நாடாவுடன் பழைய எனாமல் பூச்சு சில்லுகளாகப் பெயர்ந்து வந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தை அமெரிக்கா 1978 இல் தடைசெய்தது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களுக்கான 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே இத்தகைய பூச்சை உலர் உப்புத்தாளால் தேய்க்கலாகாது. சில்லுகளை ஈரத்துணியால் திரட்டி அகற்ற வேண்டும்; வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்வறைக்குள் அனுமதிக்கலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

• ஒட்டுநாடா
• வண்ணப்பூச்சு
• உப்புத்தாள்
• ஈய நச்சேற்றம்